கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டும் கல்விக் கடனும்: லட்சத்துக்கு 1,800 ரூபாய்க் கணக்கு

பல்லாவரம் பக்கம் ஒரு அரசுடைமை வங்கிக் கிளையில் பல வருடம் கல்விக் கடன் மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து குரோம்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். பத்தில் ஒன்பது பேர் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். உட்கார்ந்ததும் கேட்பதும் ஒரே கேள்விதான்: "மேடம், பேங்க்ல எவ்வளவு தருவாங்க?"

வங்கி எவ்வளவு தரும் என்பது வங்கியின் கவலை. நீங்கள் கேட்க வேண்டியது, இந்தப் பிள்ளை வேலைக்குப் போனதும் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை. அந்தத் தொகையை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் கல்லூரிப் பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும். நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். கல்லூரியைப் பார்த்து, ஏசி வகுப்பறையைப் பார்த்து, அட்வான்ஸ் கட்டிவிட்டு, கடைசியில் கடனுக்கு வருகிறார்கள்.

கணக்கு எளிது. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்கு வங்கி இது கொஞ்சம் கூடும், குறையும். நான்கு வருடப் படிப்புக்கு வருடா வருடம் ஒரே தொகையாகக் கடன் வாங்குகிறீர்கள். படிக்கும் காலத்திலும், முடித்த பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் வருடம் வாங்கிய பணத்துக்கு 5 வருட வட்டி, அடுத்ததற்கு 4, பிறகு 3, கடைசியாக 2. சாதாரண வட்டிதான். இருந்தாலும் தவணை தொடங்கும் நாளில் அது அசலோடு சேர்ந்துவிடும். ஒரு லட்சம் வாங்கியவர் அன்றைக்கு 1 லட்சத்து 35 ஆயிரம் கடன்காரர். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 1,800 ரூபாய்.

இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதம் 1,800, பத்து வருடம். 3 லட்சம் வாங்கினால் 5,400. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் (டீம்டு யுனிவர்சிட்டி) வருடம் 4 லட்சம் என்று 16 லட்சம் வாங்கினால் மாதம் 28,500-க்கு மேல். மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது 34 லட்சம். "பதினைந்து வருஷமா நீட்டிக்கலாமே" என்பார்கள். நீட்டலாம். மாதத் தவணை 23,000 சொச்சமாக இறங்கும், மொத்தம் 41 லட்சத்தைத் தாண்டும். பதினெட்டு வயதில் சேர்ந்த பிள்ளைக்குக் கடன் தீரும்போது வயது முப்பத்தெட்டு.

இனி வருமானப் பக்கம். பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனிகள் புதிதாகச் சேருபவருக்குத் தரும் சம்பளம் வெகு காலமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பிஎஃப், இன்சூரன்ஸ் எல்லாம் போகக் கைக்கு வருவது மாதம் 24,000 மாதிரி. வீட்டிலிருந்து சிறுசேரிக்கோ சோழிங்கநல்லூருக்கோ போய்வரும் பிள்ளைக்கு அதில் கால் பங்கைத் தவணையாகக் கட்டுவது தாங்கும். பெங்களூரில் அறை எடுத்துத் தங்குபவருக்கு அதுவும் இழுபறிதான். கால் பங்கு என்றால் 6,000 ரூபாய். 6,000-ஐ 1,800-ஆல் வகுத்தால் மூன்று லட்சத்து முப்பதாயிரம் வருகிறது, மூன்றேகால் லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி மாணவருக்கு என் உச்சவரம்பு இதுதான். சராசரி என்று வேண்டுமென்றே சொல்கிறேன். "எங்க பையன் சராசரி இல்ல மேடம்" என்று எல்லா அப்பாவும் சொல்வார்கள். இருக்கட்டும், கடன் கணக்கை மட்டும் சராசரிக்குப் போடுங்கள்.

சரி, கல்லூரிக்குத் தகுந்த மாதிரி சம்பளம் கூடாதா? கூடும். அதைக் கண்டுபிடிக்கப் பேனர் உதவாது. ஜிஎஸ்டி சாலையிலும் ஓஎம்ஆரிலும் "44 லட்சம் பேக்கேஜ்" என்று ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டு வைத்திருப்பார்கள். அந்த ஒரு பிள்ளை உங்கள் பிள்ளையின் தவணையைக் கட்டப் போவதில்லை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கிறது. அது கல்லூரியின் இணையதளத்திலேயே பிடிஎஃப் ஆக இருக்கும். பெரும்பாலும் ஒரு மூலையில், யாரும் பார்க்காத இடத்தில். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், அவர்களின் நடுத்தரச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் என்று வருடவாரியாக அட்டவணை இருக்கும். வரிசையாக நிற்க வைத்தால் நட்டநடுவில் நிற்கும் மாணவரின் சம்பளம்தான் நடுத்தரச் சம்பளம். ஒருவருக்கு 44 லட்சம் கிடைத்தாலும் இந்த எண் அசையாது.

அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது எல்லாத் துறைக்கும் சேர்த்த எண் என்பதால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் தப்பில்லை. கைக்கு 40,000 வரும் என்று தெரிந்தால், கால் பங்கு 10,000. ஐந்தரை லட்சம் வரை கடன் நியாயம். வேலைக்குப் போனவர்களின் எண்ணிக்கையைச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிப் பேர்தான் போயிருக்கிறார்கள் என்றால் நடுத்தரச் சம்பளமும் அந்தப் பாதிக்குத்தான். படிவமே கண்ணில் படாத கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். பாதிப் பேர் அரியரோடு நிற்கும் இடத்துக்கு எந்தக் கம்பெனி வரும்?

நம் ஊரில் வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஆகச் சிறந்த இடங்கள்தான் கட்டணம் குறைந்தவை. கிண்டியில் இருக்கும் சிஇஜி, எங்கள் குரோம்பேட்டை எம்ஐடி இரண்டும் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். அங்கே இடம் கிடைத்தால் கடன் என்ற பேச்சே பெரிதாக எழாது. ஆனால் பொதுப் பிரிவில், 200-க்குக் கணக்கிடும் கட்ஆஃப் மதிப்பெண் 200-ஐயே உரசிக்கொண்டு நிற்க வேண்டும். ஐஐடியில் ஆண்டுக்குப் படிப்புக் கட்டணம் 2 லட்சம் என்றாலும் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும், குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் முழு விலக்கு. ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. அப்படிப்பட்ட இடத்துக்கு என் மூன்றேகால் லட்ச வரம்பைத் தாராளமாகத் தாண்டலாம். வங்கிகளும் அடமானம் இல்லாமல் குறைந்த வட்டிக்குத் தருவார்கள்.

சிக்கல் நடுவில் இருக்கும் கூட்டத்தில்தான். கட்ஆஃப் 150-லிருந்து 185 வரை. அரசு நடத்தும் கவுன்சலிங்கில் நல்ல தனியார் கல்லூரியில் வேறு துறை கிடைக்கும், சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும், காசு கொடுத்தால் பெரிய பெயருள்ள நிகர்நிலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும். இந்த மூன்றில் எது?

போன வருடங்களில் ஒன்றில் அனகாபுத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கட்ஆஃப் 171. ஒரு தனியார் கல்லூரி, நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஏற்கெனவே 50,000 அட்வான்ஸ் வாங்கியிருந்தது. "ஆன்ட்டி, கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லாட்டி ஐடி வேலை கிடைக்காதுன்னு சொல்றாங்க" என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அட்மிஷன் பிடித்துத் தரும் ஏஜென்ட் சொன்னாராம். அவருக்குக் கமிஷன்.

ஐடி சர்வீஸ் கம்பெனிகள் ஈசிஇ, ட்ரிபிள்ஈ, மெக்கானிக்கல் என்று எல்லாத் துறையிலிருந்தும்தான் ஆள் எடுக்கின்றன. ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, ஐடி என்று பலகை மாறினாலும் அடிப்படைப் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரே பாடத்திட்டம், ஒரே கேள்வித்தாள். அதனால் நடுத்தட்டில் இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்கு இடையே 10 லட்ச ரூபாய் வித்தியாசத்தை நியாயப்படுத்தும் அளவுக்கு எதுவும் இருப்பதாக நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் கவுன்சலிங்கில் தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரியில் ஐடி துறை எடுத்தாள். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்தாள். கடன் இரண்டரை லட்சத்துக்குள் முடிந்தது.

அட்வான்ஸ் 50,000 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது திரும்ப வந்தது, கொஞ்சம் அலைந்த பிறகு. தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் ஏஐசிடிஇயின் விதிப்படி சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு முன்பு விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்கச் சொன்னேன். வாயால் கேட்டவரை அசையாத காசாளர் கடிதத்துக்கு அசைந்தார். ரசீது இருந்ததால்தான் இதுவும் நடந்தது. ரசீதில்லாமல் ரொக்கமாகக் கேட்கும் "டொனேஷன்" 1992-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படியே குற்றம். அதற்கு எந்த வங்கியும் கடன் தராது. கந்துவட்டிக்கோ நகையை விற்றோ கொடுத்தால் அதையும் கடன் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

கடனைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், வாங்க வேண்டிய சலுகையை எல்லாம் வாங்கிவிட வேண்டும். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும், கடனே தேவையில்லை. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் இ-சேவை மையத்தில் அந்தச் சான்றிதழை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். கவுன்சலிங் வழியாகப் போனால்தான் அந்தச் சலுகை. மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. மேனேஜ்மென்ட் சீட்டின் உண்மையான விலையில் இந்த இழப்பையும் சேர்க்க வேண்டும், யாரும் சேர்ப்பதில்லை. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பெண் பிள்ளைகளுக்கு ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. வருமான வரம்பு 8 லட்சம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000. ஆயிரம்தானே என்று நினைக்காதீர்கள். அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்து மொத்தச் செலவு. அரசின் கட்டணக் குழு நிர்ணயிக்கும் தொகை ஒன்று, கல்லூரி கேட்பது வேறொன்று. பேருந்துக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம், லேப்டாப். அம்பத்தூரிலிருந்து கேளம்பாக்கத்துக்குக் கல்லூரி பஸ் என்றால் நான்கு வருடத்துக்கு அதுவே ஒரு பெரிய தொகை. பயணத்தில் போகும் மூன்று மணி நேரத்துக்கு யாரும் ரசீது தருவதில்லை. கவுன்சலிங் சீட்டுக்குப் பல கிளைகள் குழு நிர்ணயித்த கட்டணத்தைத்தான் ஏற்பார்கள், மீதி உங்கள் கையிலிருந்து. அதனால் கல்லூரி அலுவலகத்தில் நான்கு வருடத்துக்குமான கட்டண விவரத்தை லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். வங்கிக்கும் அதே தாள் வேண்டும். வருடா வருடம் எத்தனை சதவீதம் ஏறும் என்பதையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால், ஏறும் என்று அர்த்தம்.

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். பிடித்த வரிசையில் போடுங்கள், ஆனால் உங்கள் வரம்பைத் தாண்டும் கல்லூரியைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். ஒதுக்கீடு வந்த பிறகு மனது கேட்காது.

இனி வங்கி. 4 லட்சம் வரை பெற்றோர் கூட்டுக் கடன்தாரராக நின்றால் போதும். ஏழரை லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. அதற்கு அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதற்கு மேல் போனால் பொதுவாக வீட்டுப் பத்திரம் வரும். படிப்பு என்ற பெயரில் வீட்டுப் பத்திரம் மேசைக்கு வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். பிள்ளைக்கு வேலை கிடைக்கத் தாமதமானால் போவது தாத்தா கட்டிய வீடு. ஏழரை லட்சம் என்பதை நீங்களே ஒரு சுவராக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

விண்ணப்பம் வித்யாலட்சுமி போர்ட்டலில். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் குறிப்பிட்ட தரவரிசைக் கல்லூரிகளுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால் இன்னொரு பழைய திட்டம் இன்னும் நல்லது: தொழிற்படிப்புக்குத் தவணை தொடங்கும் வரை முழு வட்டியையும் அரசு கட்டும். கல்லூரிக்கு நாக் (NAAC) அல்லது படிப்புக்கு என்பிஏ (NBA) தர அங்கீகாரம் இருக்க வேண்டும். படிப்பை நடுவில் விட்டால் மானியம் நின்றுவிடும். தாசில்தார் வருமானச் சான்றிதழை முதல் நாளே கிளையில் கொடுத்துவிட்டு, மானியத்துக்குப் பதிவு செய்தார்களா என்று வருடா வருடம் போய்க் கேளுங்கள். கேட்காத வீட்டுக்கு வராது. இது உள்ளே இருந்தவள் சொல்வது.

மானியம் இல்லாதவர்கள் படிக்கும்போதே வட்டியைக் கட்டுங்கள். 3 லட்சக் கடனுக்கு முதல் வருடம் மாதம் 625 ரூபாய், இரண்டாம் வருடம் 1,250, மூன்றாம் வருடம் 1,875, பிறகு 2,500. மேலே சொன்ன அந்த ஆயிரம் ரூபாய் இங்கேதான் உதவும். இப்படிக் கட்டினால் பின்னால் தவணை 5,400 அல்ல, 4,000-க்குள் வந்துவிடும்.

கடன் மறுக்கப்பட்டால் முதலில் அப்பாவின் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையைப் பாருங்கள். பாதியில் நின்ற பைக் லோன், மச்சானுக்குப் போட்ட ஜாமீன் இவைதான் பெரும்பாலும் காரணம். மே மாதம் பார்த்துச் சரி செய்தால் ஜூலையில் தப்பிக்கலாம். "டாக்குமென்ட்டே வேண்டாம், ரெண்டே நாள்" என்று தனியார் நிதி நிறுவனம் கூப்பிட்டால், வட்டி எத்தனை, முதல் மாதத்திலிருந்தே கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் பதில் உங்களுக்குப் பிடிக்காது. அரசின் வட்டி மானியமும் அங்கே கிடைக்காது.

இன்னொரு அபாயம் சமீப காலத்தில்தான் கண்ணில் பட்டது. 2022-க்குப் பிறகு கேம்பஸில் ஆஃபர் லெட்டர் வாங்கிய பிள்ளைகள் பலர் சேரும் தேதிக்காக ஒரு வருடம், அதற்கும் மேல் காத்திருந்தார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். கம்பெனி அழைத்ததா என்று வங்கியின் கணினிக்குத் தெரியாது. ஆறு தவணைக்கான பணம் தனியாக ஒரு ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) இருக்க வேண்டும். அதை ஒதுக்க முடியாத குடும்பம் கடனையும் குறைத்தே வாங்க வேண்டும். தவணை தவறினால் பிள்ளையின் சிபிலோடு அப்பாவுடையதும் சேர்ந்து விழும். கட்ட முடியாது என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய்த் தவணையை மாற்றி அமைக்கக் கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால் மேலாளருக்கும் கை கட்டப்பட்டிருக்கும்.

மூன்றேகால் லட்சத்துக்குள் எந்த பி.இ. சீட்டும் அடங்கவில்லையா? நந்தனம் அரசுக் கலைக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, ராணி மேரி மாதிரி இடங்களில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு இரண்டு வருட எம்சிஏ முடிக்கலாம். 2020-லிருந்து எம்சிஏ இரண்டு வருடம்தான். ஐஐடி மெட்ராஸ் 2021-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் இணையவழிப் பட்டத்துக்கு ஜேஇஇ வேண்டாம், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு இணையவழிப் படிப்பைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பாதியில் நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வேலை கிடைத்த பிறகு போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கொஞ்சம் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. வட்டிக்கு எட்டு வருடம் வருமான வரி விலக்கு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். கடன் தீர்ந்ததும் நோ டியூஸ் சான்றிதழை வாங்குங்கள். அடமானமாகப் பத்திரம் கொடுத்திருந்தால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்கு அவர்கள் தர வேண்டும். கிளையில் இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் கேளுங்கள்.